படிக்கல்லும் தூண்டில் கம்பியும்: மட்டக்களப்பில் புவியீர்ப்பை அளந்த பதிவு

பாடசாலைக் கணக்குகளில் ஈர்ப்பு ஆர்முடுகல் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு செக்கனும் கூடும் அளவு, மீட்டர்/செக்கன்²) 10 என்றோ 9.81 என்றோ வரும். மட்டக்களப்பில் இரண்டும் சரியில்லை. 9.81 பாரிஸ், லண்டன் பக்கத்து எண். நாம் இருப்பது வட அகலக்கோடு 7.7 பாகையில், அதுவும் கடல்மட்டத்தில். உலகம் முழுதும் ஒப்புக்கொண்ட சூத்திரத்தில் இந்த அகலக்கோட்டைப் போட்டால் 9.781 கிடைக்கிறது. 9.81இலிருந்து வித்தியாசம் 0.03தான், ஆயிரத்தில் மூன்று பங்கு. இதை வீட்டுச் சாமான்களைக் கொண்டு பிரித்துக் காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். ஆனால் சாதாரணமாகச் செய்யும் ஊசல் செய்முறையால் முடியாது. அதில் வரும் வழு இந்த வித்தியாசத்தை விடப் பெரிது.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான். பழைய கடைத் தராசின் 2 கிலோ இரும்புப் படிக்கல் ஒன்று, வளையத்தோடு. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். சீலா, அறுக்குளா போன்ற பல்லுள்ள மீனுக்குத் தூண்டிலில் கட்டும் ஒற்றை இழைத் துருப்பிடிக்காத கம்பி, 0.3 மில்லிமீட்டர் தடிப்பில் 4 மீட்டர். 40 மில்லிமீட்டர் அகலத்தில் 5 மில்லிமீட்டர் தடித்த இரும்புத் தகடு இரண்டு துண்டு, 6 மில்லிமீட்டர் போல்ட் நாலு, இரண்டு பகுதியாகக் கலக்கும் எப்பொக்சி, 5 மீட்டர் இரும்பு அளவுநாடா, போன் இரண்டு, ஒரு பழைய டயர். டயர் படிக்கல்லுக்கு நேர் கீழே கிடக்க வேண்டும். 2 கிலோ இரும்பு விழுந்தால் தரை ஓடும் தப்பாது, காலும் தப்பாது.

தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) வேண்டாம். கையில் இருக்கிறது என்று பலரும் முதலில் எடுப்பது அதைத்தான். 0.7 மில்லிமீட்டர் தங்கூசியில் 2 கிலோவைத் தொங்கவிட்டால் இரண்டரை மீட்டருக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீட்டர் நீளும். நீண்டதோடு நின்றுவிட்டாலும் பரவாயில்லை. மணிக்கணக்காக மெல்ல மெல்ல நீண்டுகொண்டே போகும். காலையில் அளந்த நீளம் பத்து மணிக்குப் பொய்யாகிவிடும். இரும்புக் கம்பியும் நீளத்தான் செய்யும், 0.3 மில்லிமீட்டர் கம்பி இதே பாரத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர் நீளும். ஆனால் அந்த இடத்தில் நின்றுவிடும். அதனால் நீளம் அளப்பது எப்போதும் பாரம் தொங்கிய பிறகுதான், அதுவும் பத்து நிமிடம் விட்டு.

தொங்கவிடும் இடத்தில்தான் இந்த வேலை வெல்வதும் தோற்பதும். ஓட்டு வீட்டின் மர வளையில் கட்டினால் கூரை காற்றுக்கு அசையும், வெயிலுக்கு முறுகும். ஏணியில் கட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாடிப்படிக்கு மேல் வரும் கொங்கிரீட் பீம் நல்லது. தரையிலிருந்து 2.7 மீட்டர் உயரமாவது வேண்டும். பீமின் பக்கத்தில் ட்ரில் பண்ணி ஒரு தகட்டை இறுக்கி, மற்றத் தகட்டை அதன் மேல் வைத்து நாலு போல்ட்டால் நெருக்க வேண்டும். கம்பி இரண்டு தகடுகளுக்கும் நடுவே கடிபட்டு, கீழ் விளிம்பிலிருந்து நேரே இறங்கும். அந்த இரண்டு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி அரத்தால் தீட்ட வேண்டும். ஒன்று அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தாலும் கம்பி ஒரு பக்கம் ஆடும்போது ஒரு நீளம், மறுபக்கம் ஆடும்போது இன்னொரு நீளம்.

ஆணியில் முடிச்சுப் போட்டுத் தொங்கவிடுவதில் உள்ள கோளாறும் இதுதான். கம்பி ஆணியைச் சுற்றி உருளும். ஊசலின் உண்மையான நீளம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பீம் அசைகிறதா என்று கண்ணால் பார்த்தறிய முடியாது. அதற்கு ஒரு சோதனை உண்டு. படிக்கல் தொங்கும் அதே தகட்டில், அதே நீளத்துக்கு, ஒரு சின்ன நட்டை நூலில் கட்டி அசையாமல் தொங்கவிட வேண்டும். படிக்கல்லை ஆட்டிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். நட்டும் தானாக ஆடத் தொடங்கினால் தாங்கும் இடம் அசைகிறது என்று பொருள். போல்ட்டை இறுக்கியும் நட்டு ஆடினால் வேறு இடம் தேடுவதைத் தவிர வழியில்லை. சோதனை முடிந்ததும் நட்டைக் கழற்றிவிட வேண்டும்.

படிக்கல்லின் வளையம் கிலுகிலு என்று ஆடும். அப்படியே விட்டால் அது ஊசலுக்குக் கீழே இன்னொரு ஊசல். வளையத்தை நிமிர்த்திப் பிடித்து எப்பொக்சியால் நிரப்பி ஒரு நாள் காயவிட வேண்டும். கம்பியின் கீழ் நுனியை வளையத்தில் மூன்று சுற்றுச் சுற்றி, தன்மேலேயே முறுக்கி, அதையும் எப்பொக்சியில் அடக்கிவிட வேண்டும். கம்பி எப்பொக்சியை விட்டு வெளியே வரும் இடத்தில் கியூடெக்ஸால் ஒரு பொட்டு. இனி அளவெல்லாம் தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து இந்தப் பொட்டு வரை.

ஊசலின் நீளம் பொட்டு வரை அல்ல, படிக்கல்லின் ஈர்ப்பு மையம் வரை. அந்த மையம் இரும்புக்குள்ளே எங்கேயோ இருக்கிறது. வளையம், எப்பொக்சி, அடியில் நிறை சரிசெய்ய ஊற்றிய ஈயம் எல்லாம் சேர்ந்து அதை நகர்த்தியிருக்கும். மேலேயும் ஒரு சிக்கல் உண்டு: கம்பிக்கு ஒரு விறைப்பு இருப்பதால் அது தகட்டின் விளிம்பிலேயே மடங்குவதில்லை, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கீழேதான் மடங்குகிறது. ஒரே நீளத்தில் செய்தால் இந்த இரண்டும் சேர்ந்து விடையைக் கெடுத்துவிடும்.

இரண்டு நீளத்தில் செய்தால் இரண்டும் கழிந்துபோகும். முதலில் நீளக் கம்பியில் அலைவுகாலம், அதாவது ஊசல் ஒருமுறை போய்த் திரும்ப எடுக்கும் நேரம், எடுக்க வேண்டும். பிறகு தகட்டைத் தளர்த்திக் கம்பியை மேலே இழுத்து இறுக்கி, குறுகிய கம்பியில் எடுக்க வேண்டும். கீழ் முடிச்சில் கை வைக்கவே கூடாது. மையம் பொட்டுக்கு எத்தனை சென்ரிமீட்டர் கீழே இருந்தாலும் அது இரண்டு முறையும் ஒன்றுதான், கழிக்கும்போது மறைந்துவிடும். அளவுநாடாவின் முனைக் கொக்கி ஒரு மில்லிமீட்டர் தளர்ந்திருந்தால் அந்த வழுவும் மறையும். கணக்கு இது:

ஈர்ப்பு ஆர்முடுகல் = 4 × பை × பை × (இரண்டு நீளங்களின் வித்தியாசம்) ÷ (இரண்டு அலைவுகாலங்களின் வர்க்கங்களின் வித்தியாசம்)

மையத்தைத் தேடி நேரம் போக்குவதை விட இது எவ்வளவோ மேல். பாடசாலை ஆய்வுகூடங்களிலும் இப்படியே செய்யலாம்.

ஆட்டிவிடும் விதம். கையால் இழுத்துவிட்டால் விரல் பக்கவாட்டில் ஒரு தள்ளுக் கொடுத்துவிடும்; படிக்கல் நேர்கோட்டில் ஆடாமல் முட்டை வடிவில் சுற்றும். தையல் நூலால் படிக்கல்லை ஒரு பக்கம் இழுத்து ஒரு கதிரையில் கட்டி, அசைவு முழுவதும் அடங்கிய பிறகு நூலைத் தீக்குச்சியால் எரிக்க வேண்டும். இழுக்கும் கோணம் 3 பாகைக்கு மேல் போகக் கூடாது. நீளக் கம்பிக்கு அது 13 சென்ரிமீட்டர், குறுகியதற்கு 5 சென்ரிமீட்டர். பார்க்க வடிவாக இருக்கிறது என்று 10 பாகைக்கு இழுத்தால் அலைவுகாலம் ஆயிரத்தில் 2 பங்கு கூடும், விடை 0.037 குறையும். பாரிசுக்கும் மட்டக்களப்புக்கும் உள்ள வித்தியாசமே அதைவிடக் குறைவு.

நேரம் எடுக்க நிறுத்தற்கடிகாரத்தைக் கையால் அமுக்குவதை விட வீடியோ நல்லது. ஊசலுக்குப் பின்னால் சுவரில் ஒரு செங்குத்துக் கோடு. ஊசல் அந்தக் கோட்டைக் கடக்கும் இடம் தெரியும்படி ஒரு போனை அசையாமல் நிறுத்தி வீடியோ எடுக்க வேண்டும். மற்றப் போனில் நிறுத்தற்கடிகாரத்தை ஓடவிட்டு அதையும் படத்துக்குள் வைக்க வேண்டும். வீடியோவின் நேரத்தை மட்டும் நம்பக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் தாமாகவே செக்கனுக்கு எடுக்கும் படங்களைக் குறைத்துவிடும். குறி பார்ப்பது நடுக்கோட்டில், ஓரத்தில் அல்ல. ஓரத்தில் படிக்கல் நின்று திரும்புவதால் எந்தக் கணம் என்று சொல்ல முடியாது, நடுவில்தான் வேகம் கூட.

எண்ணுவது ஒரே பக்கமாகக் கடப்பதை மட்டும்; முதல் கடப்பு "பூச்சியம்". "ஒன்று" என்று தொடங்கினால் நூறு என்று எண்ணியது உண்மையில் 99 அலைவு. விடை 9.98 பக்கம் வந்தாலோ 9.59 பக்கம் வந்தாலோ வேறெதையும் தேட வேண்டாம்: இரண்டு நீளத்திலும் எண்ணிக்கை ஒன்று பிசகியிருக்கிறது. ஒரு நீளத்தில் மட்டும் பிசகினால் விடை இன்னும் தூரம் போகும்.

காற்று இங்கே பெரிய தொல்லை. கச்சான் வீசும் மாதங்களில் பகலில் இதைத் தொடக்கூட வேண்டாம். கடற்காற்று எழும்புவதற்கு முன், விடியற்காலையில், சன்னல் கதவெல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு எடுக்க வேண்டும். வெப்பநிலைக்கும் அந்த நேரம்தான் நல்லது. இந்தக் கம்பி 10 பாகை வெப்பத்துக்கு 0.4 மில்லிமீட்டர் நீளும்.

எடுத்த அளவுகள்: நீளக் கம்பி, விளிம்பிலிருந்து பொட்டு வரை, 2.4125 மீட்டர். குறுகியது 0.9120 மீட்டர். வித்தியாசம் 1.5005 மீட்டர். நூறு அலைவுக்கு நீளக் கம்பியில் ஐந்து தடவையின் சராசரி 315.41 செக்கன், குறுகியதில் 197.27 செக்கன். வீச்சம் தொடக்கத்தில் 3 பாகை, நூறாவது அலைவில் 2 பாகை. சராசரி இரண்டரை என்று கொண்டால் நேரத்தை பத்தாயிரத்தில் 1.2 பங்கு குறைக்க வேண்டும். அப்போது அலைவுகாலங்கள் 3.1537, 1.9725. வர்க்கங்களின் வித்தியாசம் 6.0553. விடை 9.783.

இதில் இன்னும் மூன்று திருத்தங்கள். படிக்கல்லைக் காற்று சற்றே மிதக்கவைப்பதால் விடை 0.0016 குறைந்து வந்திருக்கும். கம்பிக்கும் ஒரு திணிவு உண்டு, 2.4 மீட்டருக்கு 1.3 கிராம், அதனால் விடை 0.0015 கூடி வந்திருக்கும். இந்த இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போகின்றன. மெல்லிய கம்பி எடுத்த பலன் இது. 0.5 மில்லிமீட்டர் கம்பி என்றால் இரண்டாவது 0.004 ஆகியிருக்கும். மூன்றாவது, படிக்கல் ஒரு புள்ளியல்ல, ஒன்பது சென்ரிமீட்டர் அகலமான கட்டி. குறுகிய கம்பியில் இதன் பாதிப்பு கூட. அதற்காக 0.003 கழிக்க வேண்டும். கடைசி விடை 9.780, கூடக் குறைய 0.006. நீளத்தில் அரை மில்லிமீட்டரும், நேரத்தின் சராசரியில் 0.03 செக்கனும் பிழைத்திருக்கலாம் என்று கொண்டு போட்ட வழு இது. 9.781 அதற்குள் அடங்குகிறது. 9.81 அடங்கவில்லை.

விடையைச் சரிபார்க்க ஒரு வழி: கிடைத்த எண்ணைக் கொண்டு நீள ஊசலின் முழு நீளத்தைத் திருப்பிக் கணக்கிட்டால் 2.464 மீட்டர். மையம் பொட்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீட்டர் கீழே என்று வருகிறது. படிக்கல்லைக் கழற்றி ஒரு அடிமட்டத்தின் விளிம்பில் சமநிலைப்படுத்திப் பார்த்தால் ஏறத்தாழ அதே இடம் வரவேண்டும். ஒரு சென்ரிமீட்டர் தள்ளி வந்தால் எங்கோ தவறு.

இனி, ஏன் இங்கே குறைவு. 1672இல் ஜோன் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குப் போனார். அது வட அகலக்கோடு 5 பாகையில், நம்மைப் போலவே நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் பிந்தியது. ஊசலைக் கிட்டத்தட்ட 2.8 மில்லிமீட்டர் குறைத்துத்தான் சரிசெய்தார். மட்டக்களப்பின் 9.781ஐ வைத்துக் கணக்கிட்டாலும் ஏறத்தாழ அதே அளவு: ஒரு பக்கம் போக ஒரு செக்கன் எடுக்கும் ஊசல் பாரிசில் 993.9 மில்லிமீட்டர், மட்டக்களப்பில் 991.0.

காரணம் இரண்டு. பூமி சுழல்வதால் நிலநடுக்கோட்டில் உள்ள பொருளின் நிறையில் ஒரு சிறு பங்கு, அதாவது 0.034 அளவு ஆர்முடுகல், அந்தச் சுழற்சியில் பொருளை வைத்திருப்பதற்கே செலவாகிறது. அதே சுழற்சி பூமியை நடுவில் பிதுக்கியும் வைத்திருக்கிறது. நிலநடுக்கோட்டில் ஆரை 6378 கிலோமீட்டர், துருவத்தில் 6357. நாம் மையத்திலிருந்து தூரத்தில் இருக்கிறோம். இரண்டும் சேர்ந்து துருவத்தில் 9.832, நிலநடுக்கோட்டில் 9.780. உயரம் போனாலும் குறையும், ஆனால் மெல்ல: முகத்துவாரம் வெளிச்சவீட்டின் 28 மீட்டர் உச்சியில் குறைவது 0.00009 மட்டுமே. அதைக் காண இந்த ஊசல் போதாது.

இந்த 9.78 எங்கிருந்து வருகிறது? 1687இல் நியூட்டன் சொன்னது: திணிவுள்ள எதுவும் திணிவுள்ள எதையும் இழுக்கும், தூரம் இரட்டித்தால் இழுவை நாலில் ஒன்றாகும். பூமிக்கென்று தனியாக ஒரு இழுக்கும் தன்மை கிடையாது. காலடியில் உள்ள மணல், வாவித் தண்ணீர், கீழே கிழக்கிலங்கையின் பழம்பாறை, அதற்கும் கீழே உள்ள இரும்பு எல்லாம் தனித்தனியே இழுப்பதன் கூட்டுத்தொகைதான் அந்த எண். 1798இல் ஹென்றி கவெண்டிஷ் 158 கிலோ ஈயக் கோளங்கள் சிறு ஈயக் கோளங்களை இழுப்பதையே அளந்துகாட்டினார். மெல்லிய கம்பியில் கிடையாகத் தொங்கிய தண்டு மயிரளவு திரும்பியதை, மூடிய அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியால் பார்த்து அளந்தார். பக்கத்தில் போனால் உடம்புச் சூட்டில் எழும் காற்றே தண்டை ஆட்டிவிடும் என்பதால்.

அவர் வழியில் வந்த ஈர்ப்பு மாறிலி 6.674 × 10⁻¹¹. நம் 9.78ஐ ஆரையின் வர்க்கத்தால் பெருக்கி இதனால் வகுத்தால் பூமியின் திணிவு 5.96 × 10²⁴ கிலோ. ஏற்றுக்கொண்ட எண் 5.97. ஒரு படிக்கல்லை ஆட்டி இது கிடைக்கிறது! கன அளவால் வகுத்தால் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல் ஐந்தரை மடங்கு. மேலே கிடக்கும் பாறை 2.7 அளவுதான். அப்படியானால் உள்ளே மிகக் கனமான ஒன்று இருந்தே ஆகவேண்டும். அது பெரும்பாலும் இரும்பு.

நியூட்டன் எவ்வளவு இழுக்கும் என்று சொன்னார், எப்படி இழுக்கிறது என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு போன் போதும். ஃபைஃபொக்ஸ் என்ற செயலி போனின் ஆர்முடுகல் உணரியைக் காட்டும். மேசையில் வைத்தால் 9.8 பக்கம் ஒரு எண் காட்டும். திரை மேலே, திரை கீழே என இரு விதமாக வைத்து எடுத்த இரண்டு எண்களின் சராசரியை, கழித்தல் குறியை விட்டுவிட்டு, எடுத்தால் உணரியின் நிலையான வழு கழிந்துவிடும். அப்படியும் ஊசலின் துல்லியம் வராது. பதிவை ஓடவிட்டு, போனை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தடித்த மெத்தையில் போட வேண்டும். விழும் 0.45 செக்கனும் உணரி காட்டுவது பூச்சியத்துக்குப் பக்கத்து எண். "இழுக்கப்படும்" நேரத்தில் உணரி எதையும் உணரவில்லை. மேசையில் சும்மா கிடந்தபோதுதான் உணர்ந்தது. அது உணர்ந்தது மேசை மேல்நோக்கித் தள்ளுவதை.

1907இல் ஐன்ஸ்டைன் பிடித்துக்கொண்டது இந்த நுனியைத்தான். 1915இல் அது முழுக் கொள்கையானது: திணிவு தன்னைச் சுற்றியுள்ள இடத்தையும் காலத்தையும் வளைக்கிறது, விழும் பொருள் அந்த வளைவில் தன் நேர்ப்பாதையில் போகிறது. நம் அளவிலான வேகங்களுக்கு வளைவின் முக்கியமான பங்கு காலத்தில்தான். தாழ உள்ள கடிகாரம் உயர உள்ளதை விட மெதுவாக ஓடுகிறது. பொருள்கள் கீழே வருவது அந்த வித்தியாசத்தால். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் உயரத்தால் நாளுக்கு 45 மைக்ரோசெக்கன் முந்தி, வேகத்தால் 7 பிந்தி, மொத்தம் 38 முந்துகின்றன. இதைத் திருத்தாமல் விட்டால் தூரக் கணக்கு ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிழைக்கும்.

அதே ஜிபிஎஸ்சை வைத்துக் கடைசி அளவை எடுக்கலாம். இது மட்டக்களப்புக்காரர் எல்லாரும் ஒருமுறை பார்க்க வேண்டியது. கல்லடிக் கடற்கரையில், தலைக்கு மேல் மரமோ கட்டடமோ இல்லாத இடத்தில், ஜிபிஎஸ்சின் மூலத் தரவைக் காட்டும் ஒரு செயலியைத் திறக்க வேண்டும். கடல்மட்டத் திருத்தம் என்று ஒரு தெரிவு இருந்தால் அதை அணைக்க வேண்டும். பத்து நிமிடம் அசையாமல் விட்டால் உயரம் கடல்மட்டத்துக்குக் கீழே 90 மீட்டர் அளவில் காட்டும். போன் கெட்டுப்போகவில்லை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது பூமிக்குப் பொருத்திய ஒரு வழவழப்பான நீள்வட்ட உருவிலிருந்து. உண்மைக் கடல் அந்த உருவைப் பின்பற்றுவதில்லை. ஈர்ப்பு எங்கே கூட, எங்கே குறைவு என்பதைப் பார்த்து மேடு பள்ளமாக நிற்கிறது. உலகத்திலேயே ஆழமான பள்ளம், அந்த உருவுக்கு 106 மீட்டர் கீழே, இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. நாம் அதன் சரிவில் இருக்கிறோம்.

1948இல் வெனிங் மைனஸ் என்ற டச்சு ஆய்வாளர் கப்பலில் ஈர்ப்பை அளக்கும்போது இதைக் கண்டார். 2023இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் தேபாஞ்சன் பால், ஆத்ரேயி கோஷ் ஆகிய இருவரும் கணினி மாதிரிகளால் ஒரு விளக்கம் சொன்னார்கள்: இன்று மறைந்துபோன பழைய டெதிஸ் கடலின் தரை பூமிக்குள் அமிழ்ந்து ஆப்பிரிக்காவுக்குக் கீழுள்ள சூடான பகுதியைக் கிளறியது, அங்கிருந்து எழுந்த அடர்த்தி குறைந்த சூடான பொருள் இந்தக் கடலுக்குக் கீழே பரவிக் கிடக்கிறது என்று. திணிவு குறைந்த இடத்தில் இழுவையும் குறைவு.

"ஈர்ப்பு ஓட்டை" என்று இதைச் சொல்வது தவறான படத்தைத் தரும். கப்பல் அதற்குள் சறுக்காது, தண்ணீர் அங்கே ஓடாது. அந்தச் சரிவுதான் அங்கே "மட்டம்". மேசனின் நீர்மட்டத்தை அங்கே வைத்தால் குமிழி நடுவில் நிற்கும். ஊசலும் இதைக் காணாது. இத்தகைய வித்தியாசங்கள் ஈர்ப்பு ஆர்முடுகலின் நாலாவது தசமத்தில் வருபவை, நம் வழு மூன்றாவதில் நிற்கிறது.

செயலி என்எம்இஏ வரிகளை (ஜிபிஎஸ் கருவி தன் அளவுகளை எழுதி அனுப்பும் பொதுவான வடிவம்) காட்டினால் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். ஜிஜிஏ என்று முடியும் குறியோடு தொடங்கும் வரியில் உயரம் இரண்டு எண்களாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் மீட்டர் குறி. முதலாவது கடல்மட்டத்திலிருந்து உயரம். கடற்கரையில் சில மீட்டர். இரண்டாவது கழித்தல் குறியோடு வரும் பெரிய எண், அதுதான் பள்ளம். முதலாவது எண் நிமிடத்துக்கு நிமிடம் ஐந்து பத்து மீட்டர் துள்ளும். இரண்டாவது துள்ளாது, ஏனென்றால் அது அளந்தது அல்ல. அந்த இடத்துக்குரிய எண்ணைக் கருவி தன்னுள் உள்ள அட்டவணையிலிருந்து எடுத்துப் போடுகிறது.

ஊசலைக் கழற்றும்போது தகட்டைப் பீமிலேயே விட்டுவிடுவது நல்லது. கம்பியை மடிக்காமல் பெரிய வட்டமாகச் சுற்றி வைக்க வேண்டும். ஒரு இடத்தில் கொக்கி விழுந்த கம்பியை அடுத்த முறை எடுக்கவே கூடாது.